குதிரையின் காலடியில் நீலம்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பூசை நடக்கும்போதே எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். "ஒனக்குக் கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை. அந்தச் சக்கரம் எப்போது சுற்றத் தொடங்கியது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். கட்டிவிட்டதே அவர்தான்.

எங்கள் ஊர் பாம்பனுக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு கடற்கரைக் குடியிருப்பு. என்னைப் பெற்ற கையோடு அம்மா காய்ச்சலில் விழுந்துவிட்டாள், பால் வற்றிப்போயிற்று. அடுத்த தெருவில் இருந்த சம்மாட்டி வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை. சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவர். அவருடைய மனைவி என்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். முஸ்லிம் வீடுகளில் பால் கொடுத்துவிட்டால் அது சும்மா பேச்சுக்குச் சொல்கிற உறவில்லை. அந்த வீட்டுப் பையன் எனக்கு அண்ணன், அவனுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சே கூடாது என்கிற அளவுக்கு உறவு. நான் கழுத்தில் மாதா சுரூபத்தோடு அந்த வீட்டுக்குள் ஓடி, அவரை உம்மா என்றும் சம்மாட்டியை வாப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன்.

நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் கோயில், குதிரை மேல் வரும் புனிதர் சந்தியாகப்பரின் கோயில். திருவிழாக் கொடி ஏறுகிற அன்று பீடத்து விளக்குக்கு முதல் எண்ணெய் வாப்பா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். வாப்பாவின் பாட்டனார் வள்ளம் கவிழ்ந்து தத்தளித்தபோது இருட்டில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதாம். அந்தத் திக்கில் நீந்திக் கரை ஏறினாராம். அன்று தொடங்கிய வழக்கம். எண்ணெயோடு குதிரைக்கென்று ஊறவைத்த கொள்ளும் ஒரு சட்டியில் வரும். உம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்று கொடுப்பார்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து ஒரு புதுச் சாமியார் வந்தார். நல்ல மனுஷன், ஆனால் ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது. அவரிடம் சீமையில் அச்சடித்த தடிப்புத்தகம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்துப் பழைய கோயில்களின் சுவர்ச் சித்திரங்கள் எல்லாம் அதில் இருந்தன. கோயில் பெருக்கப் போகும்போது நானும் எட்டிப் பார்ப்பேன். எல்லாப் புனிதருக்கும் ஒரே முகம். நீளமான மூக்கு, உருட்டி விழிக்கிற கண், தலைக்குப் பின்னால் பொன் வட்டம். கையில் சாவி இருந்தால் இராயப்பர், உடம்பில் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார், பக்கத்தில் சக்கரம் இருந்தால் கத்தரீனம்மாள். அடையாளத்தை எடுத்துவிட்டால் யார் யாரென்று அந்த மோட்சத்திலேயே தெரியாது போலிருக்கிறதே என்று சொல்லிச் சாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதில் ஒரு படம் குதிரை மேல் சந்தியாகப்பர். வெள்ளைக் குதிரை, ஓங்கிய வாள். அதைப் பெரிதாகப் பீடத்துக்குப் பக்கச் சுவரில் எழுத வேண்டும் என்று சாமியார் என் வீட்டுக்காரரைப் பிடித்தார். வள்ளங்களுக்கு வர்ணம் அடிப்பதும் முகப்பில் பேர் எழுதுவதும்தான் இவர் தொழில். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வள்ளத்துக்கு அடிக்கிற பெயிண்டையே எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டார்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மத்தியானச் சோறு கொண்டுபோனேன். மேலே பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. கீழே பார்த்தேன். குளம்புக்கு அடியில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். தலைப்பாகை, நரைத்த தாடி, உயர்த்திய கை. அந்த முகம் வாப்பாவின் முகம்.

தூக்குச்சட்டி கையை விட்டு விழுந்தது.

"யாருங்க இது?"

"யாரோ எதிரியாம். அந்தக் காலத்துல சீமையில நம்ம வேதத்து ஆளுகளுக்கும் முஸ்லிம் ஆளுகளுக்கும் சண்டையாம். சாமியார்தான் சொன்னாரு."

"மொகம் யாரு மொகம்னு கேக்குறேன்."

அவர் அப்போதுதான் தள்ளி நின்று பார்த்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். புத்தகத்துப் படத்தில் கீழ்ப்பாதி ஈரம் ஏறி உதிர்ந்து கிடந்ததாம். ஒரு தலைப்பாகையும் ஒரு கையும் மட்டும்தான் மிச்சம். முகத்தை இவராகப் போட வேண்டியிருந்தது. தலைப்பாகையும் தாடியும் என்றதும் கை தன்பாட்டில் யாரை அறியுமோ அவரைப் போட்டுவிட்டது. இவர் பிழைப்பே வாப்பாவின் வள்ளங்களில். தினம் காலையில் கரையில் நின்று "வாங்க மருமகனே" என்று கூப்பிடுகிற முகம் அல்லவா!

"நாசமாப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "நாளைக்கழிச்சு உம்மா எண்ணெயோட வாசல்ல வந்து நிப்பாக. எனக்குப் பாலக் குடுத்த மகராசி, அவுக புருஷன் மிதிபட்டுக் கெடக்குறத நிமிந்து பாக்கணுமா?"

சாமியாரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "பழைய படத்தில் அப்படி இருக்கிறதம்மா. கீழே ஆள் இல்லாவிட்டால் குதிரை எதன்மேல் நிற்கும்?" என்றார். யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார். யோசிக்கிறாராம்! வீட்டுக்குப் போனேன், உலை வைத்தேன், இறக்கினேன், விடிந்ததும் மறுபடி கோயிலுக்கு நடந்தேன். வாசலில் முந்தின நாள் போலவே பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தன. அவர்களை விரட்டிவிட்டு உள்ளே போய், வள்ளத்து நீலம் இருந்த டப்பாவைத் திறந்து, அகலத் தூரிகையை முக்கி, அந்த முகத்தின்மேல் ஒரே இழுப்பாக இழுத்தேன். பிறகு கை, உடம்பு, தலைப்பாகை எல்லாம்.

"ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"ஆமா, பிடிச்சிருக்கு. இதக் கடலாக்குங்க. குதிர கடல் மேல போகட்டும்."

முனகிக்கொண்டே அலைகளை எழுதினார். சாமியார் வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

கொடியேற்றத்தன்று வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். வாப்பா வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்து, "குதிர நம்ம கடல்லயில்ல ஓடுது!" என்று உரக்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். உம்மா எண்ணெயைக் கொடுத்துவிட்டு என் கன்னத்தைத் தடவினார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

எங்கே தப்பிக்க? எங்கள் ஊர்ச் சுவரில் உப்புப் பூக்கும். மாரி கழிந்தால் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக எழும்பும். அடுத்த வருஷமே அலைக்குள் தாடியின் நிறம் தெரிந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அடை மழை பெய்தால் கோயிலுக்கு ஓடுவேன், காற்று அடித்தால் ஓடுவேன். ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் முன்னால் என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்துப் புது நீலம் அடிக்க வைப்பேன். "சமுத்திரத்துக்கே காவக்காரியா இருக்கா எம் பொண்டாட்டி" என்று அவர் கரையெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த முகம் உம்மா கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு வாடைக்காலத்தில் வாப்பா தானே வள்ளம் ஏறி அக்கரைக்குப் போனார். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. கட்டி அழ உடம்பு இல்லை, போய் நிற்கக் கபர்க்குழி இல்லை. செய்தி உறுதியான பிறகு உம்மா வெளியே வராமல் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

அந்த வருஷத்துக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் பீடத்துப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உம்மா தனியாக வந்தார். வழக்கமாக நிற்கும் வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து சுவருக்கு நேராக நின்றார். நீலம் இன்னும் அடிக்கவில்லை. எழுந்துபோய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"தள்ளி நில்லு புள்ள. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

நான் தள்ளி நின்றேன்.

"வாசல்ல நின்ன பிள்ளைக வந்து சொல்லிருச்சுக. வாப்பா ஆள் இல்லாத நேரமாப் பாத்து வந்து பாத்துட்டுப் போனாக. வீட்டுக்கு வந்து, 'மருமகன் என்னைய அச்சா எழுதிட்டான், மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டான்'னு சிரிச்சாக. சிரிச்சவுக சோத்துல கைய வைக்கல. மறுநா நீ நீலத்த அடிச்சுட்டன்னு கேட்டப்பெறகுதான் ஒரு வாய் தின்னாக."

"உம்மா..."

"படம் பிடிக்கக் கூடாதுன்னு இருந்துட்டாக. வீட்ல ஒரு போட்டோ கெடையாது. இப்பல்லாம் கண்ண மூடுனா குரலு வருது, மொகம் வரமாட்டேங்குது." உம்மா சுவரைக் கைகாட்டினார். "இந்த ஊரு ஒலகத்துல அவுக மொகம் இங்கன மட்டுந்தான் இருக்கு. எனக்கு அதக் காட்டு புள்ள."

இத்தனை வருஷம் எதை மூடி மூடி வைத்தேனோ அதையே கேட்டார். புளி தேய்த்த கையோடு சுவரில் குனிந்தேன். நகத்தால் நெம்பினேன். நீலம் ஏடு ஏடாக வந்தது. ஓரிடத்தில் நீலத்தோடு கீழ்ச்சாயமும் பெயர்ந்து சுண்ணாம்பு தெரிந்தது. "ஐயோ" என்று கையை எடுத்துவிட்டேன். உம்மா என் கையைப் பிடித்து மறுபடி சுவரில் வைத்தார். மெல்ல மெல்லச் சுரண்டினேன். தாடி போய்விட்டிருந்தது. வாய் இல்லை. ஒரு கண் வந்தது. பிறகு மூக்கு.

உம்மா முக்காட்டு நுனியால் அந்த இடத்தைத் துடைத்தார். குனிந்து, கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"மூக்கு பெருசில்ல புள்ள" என்றார். "அவுகளுக்கு அப்படித்தான் இருந்துச்சு."