பத்து நம்பர் ஸ்பேனர்

சவரி அண்ணன் போய்விட்டார். காலையில் அண்ணி போன் செய்து சொன்னார்.

சரி அண்ணி என்றேன். பல் துலக்கினேன், டீ குடித்தேன்... இன்னும் அழுகை வரவில்லை.

விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து, ரிட்டயர் ஆகி வந்து, நாற்பது வயதுக்கு மேல் கார் ரேஸில் சாம்பியன் ஆனவர். உழவர்கரையில் அவர் ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ரேஸ் அன்றைக்கு அவர் காருக்கு நான்தான் மெக்கானிக்.

ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவம் சிவப்பு பெயின்டில் வரைந்திருக்கும். எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பாமல் பானட்டை மூட விடமாட்டார். ப்ளேனில் ஒரு ஸ்பேனர் மாட்டிக்கொண்டால் ஆளே காலி, விமானப்படையில் பழகியது. அவர் இல்லாதபோது கிண்டல் செய்வோம்.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் கடைசி ரேஸ். ஜெயித்தால் சாம்பியன். ஸ்டார்ட் லைனுக்குக் கிளம்பும் நேரத்தில் டூல் பெட்டியை எண்ணினால் பத்து நம்பர் ஸ்பேனர் இல்லை.

என்னைக் கேட்டார். பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்கிட்ட இல்லை என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். பானட்டைத் திறந்து இரண்டு பேரும் தேடினோம். மற்ற கார்கள் போய்விட்டன.

திட்டவில்லை. "வண்டிக்குள்ள இருந்தா என்னா ஆவுறது... அடுத்த வருசம் பாத்துக்கலாம், வாடா" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். கை துடைத்த துண்டைச் சுருட்டி வைத்திருந்தேன். அதற்குள் ஸ்பேனர்.

சொல்லவில்லை. பயம். அப்புறம் வெட்கம்.

அடுத்த வருஷம் ஜெயித்தார். கோப்பையை என் கையில் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னார். அப்போதும் சொல்லவில்லை... இன்றைக்கு இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

புதுசாக வாங்கிய பத்து நம்பரை டிராயரில்தான் போட்டு வைத்தார். பலகையில் அந்த இடம் மட்டும் காலி. ஏன் அண்ணே என்று ஒருநாள் கேட்டேன். "அது வரும்டா" என்றார், என்னைப் பார்க்காமல்.

தெரிந்திருக்குமோ... தெரியவில்லை.

மத்தியானம் போனேன். ஹாலில் ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். பின்பக்கம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், இத்தனை வருஷம் என்னிடமே இருந்த ஸ்பேனரைப் பலகையில் அதன் இடத்தில் மாட்டினேன். பழக்கதோஷம், முதலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

நாளை மூன்று மணிக்கு உப்பளம் கல்லறையில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

எல்லாம் இருக்குண்ணே. நீங்க கிளம்பலாம்.