தேன் தொட்டு வைத்த விரல்

திருப்பாலைக்குடியிலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து, ஓர் ஆய்வுக்கூடத்தின் பிராணிகள் அறையைப் பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் உம்மு ஹபீபா. கூண்டு கழுவுவாள், தீனி வைப்பாள், மருந்து ஏற்றும்போது பிடரியைப் பிடித்துக் கொடுப்பாள். அவள் பிடியில் எதுவும் கடித்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவள் கமுதிக்காரி கவிப்ரியா. கடல்மீனில் இருக்கும் ஒரு புழு எந்தப் பிராணியின் இரைப்பையில் ஒட்டும், எதில் ஒட்டாது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். எலி பன்னிரண்டு, எலி மாதிரியே குட்டை வாலோடு கொழுகொழுவென்றிருக்கும் ஹாம்ஸ்டர் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் குழாய் வழியாகப் புழுவை உள்ளே விட்டாள்.

மூன்றாம் நாள் எலிகள் எப்போதும்போல் திரிய, ஹாம்ஸ்டர்கள் மட்டும் முதுகைக் கூனி மூலையில் ஒடுங்கின. ஹபீபாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டில் வயிற்றில் பூச்சி என்றால் கருஞ்சீரகம்தான். பொடித்துத் தேனில் குழைத்து, யாருக்கும் தெரியாமல் தினமும் விரலில் தொட்டு நீட்டினாள். நக்கித் தின்றன, ஒரு வாரத்தில் தேறின.

ஒரு மாதம் கழித்து அறுத்துப் பார்த்தபோது எலிகளின் இரைப்பையில் புழு இருந்தது. ஹாம்ஸ்டர் பன்னிரண்டும் சுத்தம்.

“அக்கா, ஹாம்ஸ்டருக்கு இது ஒட்டவே ஒட்டாதுக்கா!” கவிப்ரியா லட்டு நீட்டினாள். “மொத லட்டு உங்களுக்கு. நீங்க பிடிச்ச ராசி.”

வாங்கிய லட்டை ஹபீபா தின்னவில்லை. சொன்னால் வேலை போகலாம்; சொல்லாவிட்டால் பொய் அச்சில் ஏறும். மூன்று நாள் கழித்துக் கவிப்ரியாவிடம் சொல்லிவிட்டாள்.

“எத்தனை ஹாம்ஸ்டருக்குக் குடுத்தீங்க?”

“பன்னெண்டுக்கும்தான் மேடம். ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்கு இல்லேன்னா பாவமில்லையா?”

“எப்படியும் அறுக்கப்போறோம்னு தெரியும்ல?”

“தெரியும். அதுவரைக்குமாச்சும் வயிறு நோகாம கெடக்கட்டும்னு…”

கவிப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “உங்க மருந்துல போச்சா, அதுவாவே ஒட்டலையான்னு இனி எப்படிக்கா சொல்றது? திரும்பப் பன்னெண்டு வாங்கணும். நீங்கதான் பிடிக்கணும்.”

மேலிடத்துக்கு அவள் புகார் எழுதவில்லை. அது ஹபீபாவை இன்னும் கூசவைத்தது.

புதிய பன்னிரண்டும் வந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். அவையும் கூனிப் படுத்தன. இம்முறை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பத்தாம் நாள் தாமாகவே எழுந்து தீனி தின்றன. அறுத்தபோது எல்லாம் சுத்தம்.

“மொதல்ல சொன்னதே சரிதான்க்கா!”

“அப்ப என் மருந்து?”

“அது ஒண்ணும் செய்யலக்கா.”

ஹபீபா கையுறை மாட்டிக்கொண்டு, தட்டில் கிடந்த பன்னிரண்டையும் கழிவுக்கான மஞ்சள் பையில் எடுத்துப் போட்டாள்.