ஏணி ஒதுக்கிக் கொடுத்த அப்பா

கல்லூரியில் எல்லோரும் அவரை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது மாணவர்கள் இல்லை, அவரேதான். "நான் வெறும் ஏணிப்பா, நீங்க ஏறிப் போய்க்கிட்டே இருங்க" என்று முதல் கூட்டத்தில் சொன்னார். அடக்கத்தை அவ்வளவு சத்தமாகக் காட்டிய மனிதரை அதுவரை யாரும் பார்த்ததில்லை. முதலீட்டு வங்கி ஒன்றில், அதாவது ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனியின் தலையில் கட்டிவிட்டு நடுவில் கமிஷன் பார்க்கிற இடத்தில், பதினாலு மாதம் வேலை பார்த்தவர். பதினைந்தாவது மாதம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் காபிக் கடை மூலையில் உட்கார்ந்து, அந்த வங்கிகளில் கோடை இன்டர்ன்ஷிப் கிடைக்க மாணவர்களுக்கு வழிகாட்டினார். காசு வாங்க மாட்டார். காசு வாங்குகிறவனையாவது பிழைப்பு என்று மன்னித்துவிடலாம். இவருக்கு வேண்டியது கும்பிடு.

அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தாள் லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். வகுப்பில் அவளுக்குக் கணக்குப்புலி என்று பெயர், சுருக்கமாகப் புலி. ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டை அவள் அப்பாதான் பழுது பார்த்தார். அவர்கள் குடியிருந்த நாலாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. பத்து வாரக் கோடை வேலை, அது கிடைத்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே நிரந்தர வேலை. அது கிடைக்காவிட்டால் தெருமுனை டியூஷன் சென்டரில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான். இதற்கு நடுவில் வேறு வழி எதுவும் புலிக்குத் தெரியவில்லை.

ஏணி கற்றுக்கொடுத்தது கணக்கு இல்லை. கணக்குதான் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும், எட்டு மணிக்கு அனுப்பினால் வேலைக்கு அலைகிறாள் என்று நினைத்துவிடுவார்களாம். அந்த வங்கிகளில் இருக்கிற முன்னாள் மாணவர் எவர் சிக்கினாலும் "உங்க பயணம் எனக்கு ஒரு பாடம் சார்" என்று ஆரம்பிக்க வேண்டும். கை குலுக்கும்போது மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். இப்படி நாற்பது பேருக்கு எழுதி, ஆறு பேரிடம் போனில் குழைந்து, கடைசியில் ஒரு வங்கியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வாங்கினாள். அந்த ஆறு பேரும் தங்களைப் பற்றியே பேசினார்கள். அவள் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

அழைப்பு வந்த சனிக்கிழமை ஏணி லேப்டாப்பைத் திறந்தார். அதில் ஒரு அட்டவணை. ஒரு பக்கம் வங்கிகள், இன்னொரு பக்கம் நேர்முகத்தில் சொல்ல வேண்டிய சோகங்கள். ஒரே வங்கிக்கு ஒரே சோகம் இரண்டு முறை போய்விடக் கூடாது என்பதில் மனிதர் படு கண்டிப்பு.

"அப்பா திவாலானது இந்த பேங்க்குக்குப் போன வருஷமே போயிடுச்சு. குடிகார அப்பாவை ஒரு பையனுக்குக் கொடுத்துட்டேன். அப்ப உங்க அப்பா இறந்துடட்டும்."

"எங்கப்பா நல்லாத்தானே இருக்காரு, சார்?"

"அதாம்மா சிக்கலே. நல்லா இருக்கிற அப்பாவை வச்சுக்கிட்டு என்ன பேசுவ? உனக்குப் பத்து வயசு, அவருக்கு மாரடைப்பு. அன்னைக்கு முடிவு பண்ணின, இந்தத் துறைக்கு வரணும்னு."

மாரடைப்புக்கும் முதலீட்டு வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு மாணவர்கள் ஏணி சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டாள்.

முதல் முறை சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு நாள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. நாலாவது ஒத்திகையில் கண்ணீர் தானாக வந்தது. ஏணி கைதட்டினார். எட்டாவதில் எந்த வார்த்தைக்குக் கண் கலங்க வேண்டும் என்பதுகூடப் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று அவள் வருத்தப்பட்டிருந்தால் இந்தக் கதையை நான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருப்பேன்.

நேர்முகத்துக்கு அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். பஸ் ஸ்டாப்பிலேயே இருங்கள் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

இருபத்தோராவது மாடியில், கண்ணாடி அறையில், பெரிய அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கம்பெனியின் விவரங்களைக் கொடுத்து, என்ன விலை பெறும் என்று கேட்டார். புலி பேனாவைத் தொடாமலே வெளுத்து வாங்கினாள். கொடுத்திருந்த தாளில் இருந்த ஒரு பிழையையும் எடுத்துக் காட்டினாள். அதிகாரி சிரித்தபடி அவள் பெயருக்கு நேரே டிக் போட்டார். அவள் கண்ணெதிரிலேயே போட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். சும்மா, பேச்சுக்கு.

எட்டு முறை பழகிய நாக்கு சும்மா இருக்குமா? அம்மாவில் ஆரம்பித்தது, பத்து வயதுக்குப் போனது, மாரடைப்பில் வந்து நின்றது. கலங்க வேண்டிய இடத்தில் கண்ணும் கலங்கியது. அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. அடுத்தவர் துக்கத்தை ஏசி அறையில் உட்கார்ந்து கேட்பதில் இவர்களுக்கு ஒரு சுகம் உண்டு. "உன்னை நானே கீழ வரைக்கும் கொண்டுவந்து விடறேன்மா" என்று எழுந்தார்.

கீழே வரவேற்பறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே வந்திருக்கிறார். பளபளக்கிற சோபாவில் உட்காரக் கூச்சப்பட்டு, லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் ஓடி வந்தார்.

"பாப்பா, என்ன ஆச்சு?"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவரு?"

அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் அவள் நினைத்தது அப்பாவை இல்லை, அந்த டிக்கை.

"மாமா" என்றாள்.

"நல்லா வளர்த்திருக்கீங்க" என்று அதிகாரி அவர் கையைப் பிடித்தார். "பத்து வயசுல அப்பாவைப் பறிகொடுத்துட்டு இவ்வளவு தூரம் வர்றது லேசுப்பட்ட விஷயமா? வேலை அவளுக்குத்தான், கவலைப்படாதீங்க."

அப்பா மகளைப் பார்த்தார். லிஃப்டில் கோளாறு எங்கே என்று காது கொடுத்துக் கேட்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "ஆமாங்க சார். இவ அம்மாவுக்கு நான் கூடப் பிறந்த அண்ணன்" என்றார். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியை வாய் கூசாமல் தங்கச்சி ஆக்கினார். அவர் சொன்ன பொய் மட்டும்தான் அந்தக் கட்டிடத்தில் அன்று மானமுள்ள பொய். மற்றதெல்லாம் குப்பை.

மழையில் பஸ் ஸ்டாப் வரை இருவரும் நனைந்தபடி நடந்தார்கள். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பஸ் வந்தது. அப்பா ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு ஸ்டாப் கழித்துக் கேட்டார்.

"எதுல போனேன்னு சொன்ன?"

"மாரடைப்புப்பா."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

"வலி தெரியாமப் போனேனா?"

அதை ஏணி சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"சரி, வேற யாராவது கேட்டாலும் அதையே சொல்லு பாப்பா" என்றார். "மாத்திச் சொல்லி மாட்டிக்காத."