பிரேக் அக்கா போட்டுக்கொண்ட நாலு ஊசி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் எல்லாரும் அவரைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில், கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பதினோரு வருஷமாக அக்காவின் வலது கால் அதன் மேலேயே குடியிருந்தது. எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. "கிளட்ச்சை விடாதீங்க, லாரி நம்மள ஒண்ணும் சாப்பிட்டுடாது" என்பார்.

லாரிக்குப் பயப்படாத அந்த அக்கா ஊசியைக் கண்டால் ஆடிப்போவார். ஒருமுறை பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும், "வலியே போயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு, வீங்கின கன்னத்தோடு படியிறங்கி வந்தவர்.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துக் கர்ப்பமானார். ரத்தம் எடுக்கும்போது கணவர் அக்காவின் கண்ணைப் பொத்தினார். கணவருக்கு பேக்கரியில் வேலை. கையில் ஒட்டியிருந்த மாவெல்லாம் அக்காவின் இமையில்.

மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கி வந்தது மாமியார். தெருமுனையிலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார். வீட்டுக்குள் வந்தவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நெகட்டிவ்னு போட்டிருக்கும்மா. நான் அவசரப்பட்டு எதிர்வீடு, பக்கத்துவீடு, மாவு மில்லு எல்லா இடத்துலயும் சொல்லிட்டேனே!"

"அத்தை, அது குழந்தை இருக்கா இல்லையான்னு போட்டது இல்ல. என் ரத்தம் ஏ நெகட்டிவ்."

"ரத்தத்துல என்ன நெகட்டிவ்? எங்க வீட்டுல அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாது" என்றார் மாமியார், பரம்பரைச் சொத்தைப் பற்றிப் பேசுவது போல.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அக்காவின் ரத்த அணுவில் ஆர்எச் என்ற ஒன்று இல்லை. அப்பாவிடம் இருந்தால் குழந்தைக்கும் இருக்கலாம். பிரசவத்திலோ வயிற்றில் அடிபட்டாலோ குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடும். அம்மாவின் உடம்பு அதை யாரோ அந்நியன் என்று நினைத்து, எதிர்க்க ஆள் சேர்க்கும். பெரும்பாலும் முதல் குழந்தை தப்பிவிடும். ஆனால் அடுத்த குழந்தையை அந்தப் படை சும்மா விடாது. ரத்தசோகை, மஞ்சள் காமாலை, சில சமயம் உயிருக்கே ஆபத்து.

"உடம்பு முழிச்சுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுட்டா போதும். ஏழாம் மாசம் ஒண்ணு. குழந்தை பிறந்ததும், அது பாசிட்டிவா இருந்தா எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. நடுவுல வயித்துல அடிகிடி பட்டா உடனே வந்துடணும்; அதுக்குத் தனியா ஒண்ணு."

அக்காவின் காதில் "ஒண்ணு, இன்னொண்ணு, தனியா ஒண்ணு" மட்டும்தான் விழுந்தது.

"அவரும் நெகட்டிவா இருந்தா?"

"அப்ப ஊசியே வேண்டாம்."

அன்றைக்கே கணவரைப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வந்த பதில், ஓ பாசிட்டிவ்.

"நான் வேணும்னேவா பண்ணேன்?" என்றார் அந்த அப்பாவி மனுஷன். "நான்தான் சொன்னேனே!" என்று மாமியாருக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் மாதம் தாண்டியும் அக்கா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வயிறு வளர வளர இருக்கையைப் பின்னால் தள்ளினார். அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். முப்பத்தைந்து வருஷம் சைக்கிள் மிதித்தவர். ஒரு திங்கட்கிழமை காலை, வண்டியைத் திருப்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். அக்கா காலை நீட்டினார். பிரேக் எட்டவில்லை. நாலு விரல் தூரம் குறைந்தது. வண்டி ஒரு மதில் சுவரில் போய் முட்டியது. சீட் பெல்ட் அடிவயிற்றில் சுருக்கென்று இறுகியது.

"டீச்சர்! டீச்சர்!" என்று தபால்காரர் பதறினார்.

"ஒண்ணுமில்ல சார். ரிவர்ஸ் போடுங்க."

பெரிய வலி இல்லை. பிள்ளையும் உள்ளே உதைத்தது. வீட்டுக்குப் போன அக்கா மூச்சுவிடவில்லை. சொன்னால் ஊசி. அதைவிட, பிரேக் அக்கா பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரெல்லாம் தெரிந்துவிடும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எழுபத்திரண்டில் எத்தனை மணி நேரம் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தபால்காரர் ஒரு பை ஆப்பிளோடு வாசலில் நின்றார். பள்ளியின் பயிற்சி வண்டியில்தான் வந்திருந்தார்; கூட வந்த பயிற்றுநர், வண்டியைக் காலையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மனுஷனுக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம்.

"சுவத்துல முட்டினதுல டீச்சருக்கு வயித்துல எதுவும்..." என்று ஆரம்பித்தார்.

"எந்தச் சுவர்?" என்றார் மாமியார்.

அக்கா ஜாடை காட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் வந்ததை வந்தபடி கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தார்.

மாமியார் கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

"அத்தை, நாளைக்குப்..."

"உனக்கு ஊசின்னா பயம், எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பயம் இருக்கு. கிளம்பு."

அக்காவும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வாடகைக் கார் வர நாற்பது நிமிஷம் ஆகுமாம். கணவர் பேக்கரியில்; வீட்டில் இருந்திருந்தாலும் அவருக்கு ஓட்டத் தெரியாது. அக்கா ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு.

"டீச்சர், நான் ஓட்டட்டுமா?" என்றார் தபால்காரர்.

வாசலில் நின்ற பயிற்சி வண்டியின் நசுங்கிய பம்பரை மூன்று பேரும் பார்த்தார்கள். வேறு வழியில்லை. அக்கா முதல் வேலையாக இருக்கையை முன்னுக்கு இழுத்து, கால் பிரேக்கில் நன்றாகப் பதிகிறதா என்று மூன்று தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார்.

தபால்காரர் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போயிற்று.

"நடந்தே போயிருக்கலாம்" என்றார் பின்னால் இருந்த மாமியார்.

"பேசாதீங்க அத்தை, அவருக்குக் கவனம் சிதறும். சார், கண்ணாடியைப் பாருங்க. ம், இப்ப திரும்புங்க. அழகு!"

ஆஸ்பத்திரி வாசலில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு கீறல் கூட விழாமல் அவர் வண்டியை நிறுத்திவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அக்காவுக்கு எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பு குதிரை ஓட்டம் போலக் கேட்டது. ரத்தத்தில் எதிர்ப்பு எதுவும் உருவாகவில்லை. ஆனால் ஒரு நாளை வீணாக்கியதற்குத் திட்டு கிடைத்தது. ஊசி கைக்குள் இறங்கும்போது அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"எதுக்கும்மா தரையை உடைக்கிறீங்க?" என்றார் நர்ஸ்.

"முடிஞ்சுதா?"

"அப்பவே முடிஞ்சுது."

"இவ்வளவுதானா?" என்றவர் வெட்கத்தில் சிரித்துவிட்டார்.

ஏழாம் மாத ஊசிக்கு அவரே நாள் குறித்து வைத்துக்கொண்டு போனார். பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்து, ஓ பாசிட்டிவ் என்றார்கள். "எங்க வீட்டு ரத்தம்!" என்று மாமியார் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வருவதற்குள் மூன்றாவது ஊசியும் போட்டாகிவிட்டது. தபால்காரர் நாலாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினார்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது கர்ப்பம். பரிசோதனையில் எதிர்ப்பு எதுவும் இல்லை என்று வந்த தாளை மாமியார் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இந்த நெகட்டிவ் நல்லதுதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்.

ஏழாம் மாதம் நாலாவது ஊசி. பிறகு இரண்டாவதும் பெண். கொழுகொழுவென்று, காமாலை கீமாலை எதுவும் இல்லாமல். மறுநாள் நர்ஸ் உள்ளே வந்ததும் அக்கா தானாகவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"உங்களுக்கு ஊசி இல்லம்மா. இந்தப் பாப்பா உங்களை மாதிரியே ஏ நெகட்டிவ்."

அக்கா நம்பாமல் பார்த்தார். மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணு போட்டுத்தான் விடுங்களேன். பாவம், இவ்வளவு தைரியத்தை வரவழைச்சு வச்சிருக்கா."