மாடி வீட்டு இசக்கிசெல்வியும் பதினைந்து கிலோ டிரேயும்

மண்ணூரில் என் வீட்டு மாடியில் இசக்கிசெல்வி குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அவளைப் பிடிக்காது, இப்போதும்தான். ஆனால் அவள் செய்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதில் ஒன்றையும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. முப்பத்தாறு வயது. கட்டியவன் விட்டுவிட்டுப் போனான். மகள் ஊரில் படிக்கிறாள். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. பாகம் நிறைந்த டிரேக்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லைன் லைனாகக் கொண்டுபோய் ரேக்கில் தூக்கி வைக்க வேண்டும். என்னை ஆச்சி என்பாள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, சொன்னாலும் அவள் கேட்பதில்லை.

கார்த்திகையில் டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்துவிட்டாள். எழுந்து வேலைக்குப் போன இரண்டாம் நாளே டிரே கை நழுவி விழுந்து, பாகமெல்லாம் சிதறிப்போனது. சூப்பர்வைசர் மோகன் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினானாம். எட்டு வாரத்தில் அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. உடம்பை ஃபிட் ஆக்கிக்கொண்டு வந்தால் உண்டு, இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏறு என்று சொல்லிவிட்டான்.

ஃபிட் என்றால் எவ்வளவு, எதற்கு? அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஷூ வாங்கினாள். செல்போனில் ஒருத்தி குதிப்பதைப் பார்த்து இவளும் விடியற்காலையில் குதித்தாள். கீழே என் மீன் குழம்புச் சட்டியில் சுண்ணாம்பு உதிர்ந்தது. துடைப்பக்கட்டையால் மேலே இடித்தேன். நின்றாள், மறுநாள் மறுபடி குதித்தாள். இந்த மாதத்தோடு காலி செய் என்று மாடிப்படியில் நின்று சொன்னேன். அவள் ஷூ கயிற்றைக் கட்டினாள்.

குதிப்பது போதாதென்று நடையும் சேர்ந்தது. தினமும் பத்தாயிரம் அடி நடந்தால்தான் ஃபிட் என்று செல்போன் கணக்குச் சொன்னதாம். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கு வருவாள். போனைப் பார்ப்பாள், இரண்டாயிரம்கூட இருக்காது. உடனே ஏரிக்கரைக்குப் போய் மீதி எட்டாயிரத்தையும் நடந்துவிட்டு வருவாள். நாய்கள் துரத்தின, பையன்கள் சிரித்தார்கள். மூன்று வாரம் விடவில்லை. கடைசியில் குதிகால் வீங்கி, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே திட்டினேன். வேலை செய்கிற பொம்பளைக்கு ஊர் சுற்றுகிற நடை எதற்கு என்றேன். என் உடம்பு, என் பிழைப்பு, நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, கம்பெனில இன்னா நாற்காலி போட்டு குந்திகினு கீறியா? அங்க நடக்கிறதே இல்லியா?"

"நாற்காலியா? எட்டு மணி நேரம் வண்டியத் தள்ளிக்கிட்டு நடையா நடக்குதேன் ஆச்சி. எவ கண்டா?"

சொல்லிவிட்டு அவளே செல்போனை எடுத்துப் பார்த்தாள். கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். உள்ளே அவள் நடந்த நடை எதுவும் அதற்குத் தெரியாது. ஏற்கெனவே நடந்து களைத்த காலைத்தான் மூன்று வாரமாக மறுபடி நடக்கவைத்திருக்கிறாள். என் கையிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு நொண்டிக்கொண்டே மாடிக்குப் போனாள்.

மறுநாள் மோகனிடம் நேராகக் கேட்டாளாம், எதைச் செய்தால் ஃபிட் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று. வேலையைப் பார் என்று விரட்டினான். அவள் நகரவில்லை. பதினைந்து கிலோ டிரேயைத் தரையிலிருந்து இடுப்பு உயர ரேக்குக்கு நிறுத்தாமல் இருபது தடவை தூக்கு பார்க்கலாம் என்று எரிச்சலில் சொன்னான். அவளுக்கு வேண்டியது அந்த எண்தான்.

அதோடு குதிப்பும் ஏரிக்கரை நடையும் நின்றன. தண்ணீர் கேன் ஒன்றை எடுத்து, லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் பாட்டிலால் அளந்து ஏழு லிட்டர் ஊற்றினாள். தரையிலிருந்து துவைக்கிற கல்லுக்குத் தூக்கி வைத்தாள், இறக்கினாள். எட்டு தடவை. ஒரு நாள் தூக்கினாள், ஒரு நாள் சும்மா இருந்தாள். சோம்பேறி என்று நினைத்தேன், அவள் காதில் விழும்படி சொல்லவும் செய்தேன். வாரத்துக்கு இரண்டு லிட்டர் ஏற்றினாள். எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை என்று காலண்டர் கட்டத்தில் எழுதிவைத்தாள். முடியாத நாளிலும் கூட்டி எழுதாமல், எத்தனை முடிந்ததோ அதையே எழுதினாள்.

ஐந்தாம் வாரம் பதினைந்து லிட்டர் வந்தது. ஆனால் பதினான்கு தடவைக்கு மேல் கை வரவில்லை. கான்ட்ராக்ட் முடிகிற நாளுக்கு மோகன் வைத்த டெஸ்ட்டுக்கு இரண்டே நாள். தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த நான், பொய் சொல்லி லீவு போடு என்றேன். அதற்கும் முறைத்தாள்.

நடந்ததைக் கூட வேலை செய்யும் கவிப்பிரியா வந்து சொன்னாள். ஆரம்பிக்கும் முன்பே, இன்று பதினான்கு தூக்குவேன், இருபதுக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று இசக்கிசெல்வி சொல்லிவிட்டாளாம்.

"இது இன்னா மார்க்கெட்டா, பேரம் பேசிகினு நிக்கிற?" என்றிருக்கிறான் மோகன்.

பதினைந்து தூக்கினாள். பதினாறாவது பாதியில் நின்றது. கீழே போடாமல் மெல்ல இறக்கினாள். மோகன் ஃபெயில் என்று எழுதப்போனான். டெஸ்ட்டைப் பார்க்க வந்திருந்த கம்பெனி நர்ஸ், இசக்கிசெல்வி கிழித்துக் கொண்டுபோயிருந்த காலண்டர் தாளை வாங்கிப் பார்த்தாளாம். ஏழு லிட்டரிலிருந்து ஒழுங்காக ஏறி வந்திருக்கிறவள் இரண்டு வாரத்தில் எங்கே நிற்பாள் என்பது தாளிலேயே தெரிகிறது என்று சொல்லி, இரண்டு வாரம் தள்ளிக் கையெழுத்துப் போட்டாள். மோகன் அவளிடமும் சண்டை போட்டான், ஆனால் டாக்டர் அறைக் கையெழுத்தை அவனால் மாற்ற முடியாது.

இரண்டு வாரம் கழித்து இருபது வந்தது. போதும் என்றான் மோகன். இசக்கிசெல்வி இருபத்தொன்றாவதையும் தூக்கி வைத்தாள்.

"இது உங்க கணக்குக்கு இல்ல சார். எனக்கு எவ்வளவு முடியும்னு பாத்தேன்."

கான்ட்ராக்ட் ஒரு வருடத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த வருடமும் இதே டெஸ்ட் உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம். அதை மோகன் விரலை வைத்துக் காட்டித்தான் கொடுத்தானாம். காட்டட்டும். மாடியில் நேற்றுக் காலை பதினேழு லிட்டர்.