ட்யூப்லைட்டைப் பார்த்த ஈ

ஈயின் கண்ணில் ஒளி பட்டதும் அது மின்துடிப்பாக மாறி நரம்புக்குப் போகும். கள்ளக்குறிச்சியில் விலங்கியல் பாடம் நடத்திய காலத்தில், ஈயை மெழுகில் நிறுத்தி, கண்ணில் மெல்லிய கம்பி வைத்து, அந்தத் துடிப்பை ஸ்பீக்கரில் கேட்க வைப்பேன். ட்யூப்லைட் எரிந்தால் மட்டும் ஓயாத இரைச்சல் வரும். ஒயர் கோளாறு என்றே வருடக்கணக்கில் சொல்லிவந்தேன்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து படித்த ராணி, செய்முறைத் தேர்வில் வேறு காரணம் எழுதினாள்: "ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. நமக்குத் தெரிவதில்லை, ஈயின் கண்ணுக்குத் தெரிகிறது." கோட்டாவில் வந்தவளுக்கு இவ்வளவுதான் வரும் என்று நினைத்துப் பூஜ்யம் போட்டேன்.

அந்த வாரமே இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையெங்கும் வெட்டிப்போட்ட மரங்கள், பஸ் இல்லை. கல்லூரியிலேயே மாட்டிக்கொண்டேன். அவள் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. உட்கார முடியவில்லை, படிக்க முடியவில்லை. கடைசியில் எரிச்சலோடு ஓர் ஈயைப் பிடித்துக் கம்பி வைத்தேன். ட்யூப்லைட்டைப் போட்டதும் இரைச்சல் வந்தது. கண்ணைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன். இரைச்சல் நின்றது. எடுத்தேன், வந்தது. பத்து முறை செய்தேன். ஒயர் அப்படியேதான் இருந்தது.

பஸ் ஓடியதும் ராணி வந்தாள். மதிப்பெண்ணைத் திருத்திவிட்டேன் என்றேன். அட்டை வைத்துக் கண்டுபிடித்ததையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அன்னிக்கே நோட்டு அட்டைய வச்சி மறைச்சிப் பாத்தேன் சார். சொல்ல வந்தேன். நீங்க பேப்பர புடுங்கிக்கினு போய்ட்டீங்க."

ஈயின் கண்ணில் பட்டது இமைப்பதற்குள் நரம்புக்குப் போய்விடுகிறது. எனக்கு உறைக்க, ஊர்ச் சாலைகளையெல்லாம் அடைக்க வேண்டியிருந்தது.