திரைக்கு முதுகு காட்டிய மருத்துவக் குழு

“எச்சரிக்கை. பலவீனமான இருதயம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இப்படத்தைத் தவிர்க்கவும். பார்வையாளர்களின் பாதுகாப்பைக் கருதி, அவசர சிகிச்சையில் நீண்ட அனுபவமும் எதற்கும் கலங்காத நெஞ்சுரமும் கொண்ட மருத்துவக் குழு அனைத்துக் காட்சிகளிலும் அரங்கினுள் தயார் நிலையில் இருக்கும். இப்படிக்கு, நிர்வாகம்.”

கம்பம் ஊரில் ஒரு தியேட்டர் வாசலில் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டிருந்த இந்தத் தட்டியில் குறிப்பிடப்பட்ட மருத்துவக் குழுவின் பெயர் எப்சிபா. வயது நாற்பத்து நான்கு. குழு என்பது அவள் ஒருத்திதான். அவசர சிகிச்சையில் அவளுக்கு இருந்த நீண்ட அனுபவம், தேனி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையின் கல்யாணப் பட்டுப் பிரிவில் பதினெட்டு வருடம் சேலை விரித்துக் காட்டியது. நெஞ்சுரத்தைப் பொறுத்தவரை, கொரோனா தடுப்பூசி முகாமில் தனக்கு முன்னால் நின்றவருக்கு ஊசி குத்துவதைப் பார்த்து மயங்கி விழுந்தவள் அவள். தடுப்பூசியைப் படுக்கவைத்துத்தான் போட்டார்கள்.

ஜவுளிக்கடை மூடியபின் வேலை தேடி வந்தவளுக்கு இந்தப் பதவியைக் கொடுத்தவர் தியேட்டர் முதலாளி பலவேசம்.

“பேயி படத்துக்குள்ள இருக்கும்மா. பயத்த நாமதான் வெளிய இருந்து கொண்டாரணும்” என்றார் அவர்.

“அண்ணாச்சி, எனக்கு ரத்தத்தக் கண்டா ஆகாது.”

“நீ எங்கன ரத்தத்தப் பாக்கப் போற? ஸ்கிரீனுக்கு முதுகக் காட்டி உக்காரு. சனங்க ஒன்னயப் பாத்தாப் போதும். ஒரே ஒரு ஆளு மயங்கி விழுந்துட்டான்னா போட்டோ எடுத்துப் போஸ்டர்ல போட்டுருவேன்.”

சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதருக்குக் கட்டிவிடும் வெள்ளைச் சேலை அவளுக்குச் சீருடையானது. மூடிப்போன ஒரு கிளினிக்கிலிருந்து ரத்த அழுத்தக் கருவி ஒன்றைப் பலவேசம் வாங்கி வந்தார். அதில் காற்றடிக்கும் ரப்பர் பந்து நன்றாக வேலை செய்தது. பாதரசம்தான் இல்லை. ஆக, படத்தை ஒரு நாளைக்கு நான்கு தடவை முழுதாக உட்கார்ந்து பார்க்காதவள் என்ற பெருமை எப்சிபாவுக்குச் சேர்ந்தது.

படத்தை அவள் காதால் கேட்டாள். கண்ணால் பார்த்தது ஜனங்களின் முகத்தை. இது அவளுக்குப் பழகிய தொழில். கடையில் சேலையைக் கை தன்பாட்டுக்கு விரிக்கும். கண் மட்டும் வாங்க வந்தவளின் முகத்தில் இருக்கும். “நல்லாத்தான் இருக்கு” என்று வாய் சொல்லும்போதே மூக்கோரம் லேசாகச் சுருங்கினால், அந்தச் சேலை மடிக்கப்பட்டு அடுத்தது விரியும். மனிதர்கள் வாயால் சொல்லும் விருப்பத்துக்கும் முகத்தால் சொல்லும் விருப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவள் கற்ற பாடம். பயமும் அப்படித்தான் என்பது இங்கே வந்தபிறகு தெரிந்தது.

பேய்க்கு யாரும் பயப்படவில்லை. கல்லூரிப் பையன்கள் மட்டும் பேய் வரும்போதெல்லாம் அலறினார்கள். அலறுவதைத் தங்கள் செல்போனிலேயே படமும் எடுத்துக்கொண்டார்கள். திராட்சைத் தோட்டக்காரர் ஒச்சாண்டி, கிணற்றுக்குள்ளிருந்து பேய் தலைவிரித்து ஏறி வந்தபோது காது குடைந்துகொண்டிருந்தார். அதற்கு முந்தைய காட்சியில், பேய் வருவதற்கு அறிகுறியாகச் சடசடவென்று மழை பிடித்தபோதுதான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். “பழம் அறுக்குற நேரத்துல இப்பிடிக் கொட்டுனா எப்பிடி” என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் முறையிட்டார். ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர், கதாநாயகன் வில்லங்கச் சான்றிதழ்கூடப் பார்க்காமல் அந்தப் பங்களாவைக் கிரயம் செய்த இடத்திலேயே எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குமேல் பார்க்கும் தைரியம் தனக்கு இல்லை என்று வாசலில் சொன்னாராம். பலவேசத்தைப் பொறுத்தவரை, கதவிடுக்கு வழியாகக் காலி நாற்காலிகளைப் பார்த்த நேரமெல்லாம் அவர் முகத்தில் தெரிந்த திகிலை எந்த இயக்குநராலும் வரவழைத்திருக்க முடியாது.

ஒன்பதாம் நாள் கேரளத்தில் ஹர்த்தால். அங்கே கடையடைத்தால் இங்கே மேட்னிக்குக் கூட்டம் சேரும். விடிகாலையில் மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பி நின்ற பெண்கள், தோட்டம் இல்லை என்றதும் அதே ஜீப்பில் படத்துக்கு வந்து இறங்கினார்கள். பதினாறு பேர். இத்தனை பேரை ஒரே ஜீப்பிலிருந்து இறக்குவதைப் பார்த்த பலவேசம், பேய்ப் படம் எடுத்தவர்கள் கம்பத்துக்கு வந்து கற்றுக்கொள்ளலாம் என்றார். ஓட்டி வந்தவன் தங்கப்பாண்டி. முப்பது வயதுக்காரன். பெண்களுக்குத் தலைவி மொக்கம்மாள். கிணற்றுப் பேயைக் கண்டதும் அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“தலைக்கு எண்ணெ வச்சு எம்புட்டு நாளாச்சோ பாவம்.”

வரிசை முழுக்கச் சிரித்தது.

இடைவேளைக்குச் சற்று முன்பு ஒரு காட்சி உண்டு. புதுமணத் தம்பதி பாட்டுப் பாடிக்கொண்டு மலையிலிருந்து காரில் இறங்குவார்கள். ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி நழுவும். இரண்டே நொடி. உடனே பிடித்துவிடும், பாட்டும் தொடரும். இயக்குநரே மறந்துபோன காட்சி அது. ஜனங்கள் முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் நேரம். எப்சிபாவின் முதுகுக்குப் பின்னால் டயர் கிறீச்சிட்டது. எதிரே முறுக்குத் தின்னாத ஒரே முகம் தங்கப்பாண்டியுடையது. அது சாம்பல் பூத்திருந்தது. அவனுடைய வலது கால் தரையை மிதித்தது. மறுபடி மிதித்தது. மூன்றாம் தடவை மிதித்து அப்படியே அழுத்திக்கொண்டு நின்றது.

இடைவேளையில் டீக்கடையருகே அவனைப் பிடித்தாள்.

“தம்பி, கார் எறங்குறப்ப ஒங்க காலு தரைய மிதிச்சுச்சு.”

“டிரைவர் காலுல்லக்கா. படத்துல வண்டி போனாலும் மிதிக்கத்தான் செய்யும்.”

“ஒரு தடவ மிதிச்சாச் சரி. மூணு தடவ எதுக்கு?”

அவன் டீ கிளாஸுக்குள் பார்த்தான். பிறகு குரலை இறக்கினான்.

“நம்ம வண்டி மூணாவது மிதிக்குத்தாங்க்கா நிக்குது. பிரேக் ஆயில் ஒழுகுது. ஏல சீசன் முடியட்டும், பாத்துக்கிருவோம்னு இருக்கேன்.”

“எம்புட்டு நாளா?”

“ஆடியில இருந்து.”

“நாளைக்கே சரிபண்ணக் கூடாதா?”

“ஒரு நா வண்டி நின்னாக் கங்காணி வேற ஜீப்பச் சேத்துக்கிருவாரு. கம்பம்மெட்டு ரோடு எனக்கு அத்துபடிக்கா. எந்த வளைவுல எப்ப மிதிக்கணும்னு காலுக்கே தெரியும்.”

காலுக்குத் தெரிந்தது முகத்துக்கும் தெரிந்திருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. நேராக மொக்கம்மாளிடம் போனாள். உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தது கடையில் அவள் கற்ற பாடத்துக்குச் சற்றும் பொருந்தாத செயல்.

“ஆத்தா, நீங்க வார ஜீப்புல பிரேக்கு சரியாப் புடிக்கலயாம்.”

“எந்த ஜீப்புல தாயி புடிக்குது? போன வருசம் போன வண்டியில கதவே கெடயாது. கயித்தக் கட்டிக்கிட்டுப் போனோம்.”

“பிரேக்கு புடிச்சுப் புடிச்சுப் போனா வேலைக்கு லேட்டாயிரும் நர்சம்மா” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. பதினாறு பேரும் சிரித்தார்கள்.

எப்சிபா பதினாறு முகங்களையும் பார்த்தாள். ஒரு மூக்கோரமும் சுருங்கவில்லை. மலைச்சரிவில் நிற்காத வண்டி என்பது அவர்களுக்குத் தினமும் உடுத்தும் சேலை. அதை விரித்துக்காட்டி யாரையும் திடுக்கிட வைக்க முடியாது. மடித்து வைத்தாள்.

இடைவேளைக்குப் பிறகு பேய் தன் முழுத் திறமையையும் காட்டியது. ஒருவனைச் சுவரில் ஏற்றியது, இன்னொருவனைக் கிணற்றில் இறக்கியது. மொக்கம்மாள் வரிசை கடலை கொறித்தது. நடுவே திரையில் ஒரு டாக்டர், கதாநாயகியின் அப்பாவைப் பற்றி, கதைக்குச் சம்பந்தமே இல்லாமல், “பிரஷர் ரொம்ப அதிகமாயிருக்கு” என்றார். கடலைச் சத்தம் நின்றது. மொக்கம்மாளின் கை கழுத்துக்குப் போனது. அங்கே தாலி இல்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சேலை எது என்று எப்சிபாவுக்குத் தெரிந்துவிட்டது.

முப்பத்துநாலு காட்சிகளில் முதன்முறையாக மருத்துவக் குழு நாற்காலியை விட்டு எழுந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு தங்கப்பாண்டியின் முன்னால் போய் நின்றது. பேயை விட்டுவிட்டு அரங்கமே அங்கே திரும்பியது.

“மொகமெல்லாம் வேர்த்துருக்கு. கையக் குடுங்க தம்பி.”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா.”

“அத நான் சொல்லணும்.”

பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை ஆன மட்டும் அமுக்கினாள். காலிக் கண்ணாடிக் குழாயைத் திரை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“இருநூத்தி இருவது.”

“மேலயா, கீழயா?” என்றாள் மொக்கம்மாள்.

பிரஷருக்கு மேல், கீழ் என்று இரண்டு உண்டு என்பதை எப்சிபா அப்போதுதான் அறிந்தாள். “ரெண்டுந்தான்” என்றாள்.

மருத்துவ உலகம் காணாத இந்த எண், பேயால் ஒன்பது நாளாகச் செய்யமுடியாததைச் செய்தது. பதினாறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“எங்க வீட்டு மனுசருக்கு நூத்தித் தொண்ணூறுதேன் இருந்துச்சு” என்றாள் மொக்கம்மாள். “ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுட்டுத்தேன் தோப்புக்குப் போனாக. வரப்புலயே சாஞ்சுட்டாக. ஏலே, சாவியக் குடுலே.”

“சின்னாத்தா, எனக்கு நல்லாத்தான்...”

“குடுங்கிறேன்ல.”

தங்கப்பாண்டி எப்சிபாவின் பக்கம் குனிந்தான். உண்மையிலேயே வேர்த்திருந்தது இப்போதுதான்.

“நெசமாவாக்கா?”

“மூணாவது மிதிக்குத்தான் நிக்குதுன்னது நெசமா தம்பி?”

அவன் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“மூணு நாளைக்கு இவரு வண்டியத் தொடக் கூடாது” என்று எப்சிபா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “வண்டி இங்கனயே நிக்கட்டும். மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தா நான் சாவியோட வாரேன்” என்றாள்.

கங்காணியை மொக்கம்மாள் பார்த்துக்கொண்டாள். “மூணு நாளு எவன் வண்டியில வேணும்னாலும் ஏறுறோம். நாலாம் நாளு தங்கப்பாண்டி வண்டி வரலைன்னா நாங்களும் வரல” என்று போனில் சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

பலவேசம் அன்று சாயங்காலமே புதுத் தட்டி வைத்தார். ஜீப் டிரைவரின் ரத்த அழுத்தத்தை எகிறவைத்த படம் என்றும், மருத்துவக் குழுவின் துரித சிகிச்சையால் உயிர் காப்பாற்றப்பட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டு நாள் கூட்டம் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் திரையைப் பார்க்கவில்லை. அந்த நர்சம்மா அடுத்து யாரிடம் எழுந்து வரப்போகிறாள் என்று அவளையே பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பயந்த ஜனத்தைப் பலவேசம் தன் தொழில் வாழ்க்கையில் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கினார்கள். வெள்ளைச் சேலை சர்ச்சுக்குத் திரும்பியது.

எப்சிபா யாருக்கும் சிகிச்சை அளிக்கவில்லை. ஒரு ஜீப்பின் சாவியை மூன்று நாள் தன் சோற்று டப்பாவுக்குள் வைத்திருந்து, மெக்கானிக் வேலையை முடித்தபின் தானே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டி ஒரே மிதிக்கு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தங்கப்பாண்டியிடம் திருப்பிக் கொடுத்தாள்.